ஒட்டுத் தெரியாத இரைச்சல்

கனகேஸ்வரி ரீச்சருக்குப் பொய் சொல்ல வராது என்று வெள்ளவத்தையில் யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். மொன்டிசோரியில் படிப்பிக்கிறவளுக்குப் பொய் இல்லாமல் ஒரு காலைப்பொழுது ஓடாது. கேற்றைப் பிடித்துக்கொண்டு குழறுகிற பிள்ளையிடம், "அம்மா கடைக்குத்தான் போனவ, இப்ப வந்திடுவா" என்று சொல்ல வேண்டும். அந்த அம்மா கோட்டையில் கந்தோர் வேலைக்குப் போய்ப் பின்னேரம்தான் திரும்புவாள். பிள்ளை நம்பும். அழுகையை நிறுத்தும். கொஞ்ச நேரத்தில் களிமண்ணில் பாம்பு உருட்டத் தொடங்கிவிடும். இப்படிப் பழகிய வாய், நாற்பது வயதுக்குப் பிறகு பெரிய பொய் ஒன்றுக்குக் கூசாமல் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு கூசியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சத்தம் பிடிக்கிற பெட்டி வந்தது 2008 ஆடிவேல் நாட்களில். நோர்வேயிலிருந்து வேல் பார்க்க வந்த சித்தப்பாவின் மகன் அங்கே ஏதோ இசைக்குழுவில் வாசிக்கிறவன். திரும்பும்போது சூட்கேஸ் மூடவில்லை. "இது பழசு அக்கா, நீங்கள் பிள்ளைகளுக்கு வைச்சு விளையாடுங்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனான். வீடியோ கசட்டில் பாதி அளவு இருக்கும். மேலே றப்பர் பட்டன்கள். ஓரத்தில் ஒரு சின்னத் துளை, அதுதான் அதன் காது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் கேட்கிற சத்தத்தைச் சில செக்கன் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதைத் தொட்டால் திருப்பிச் சொல்லும். இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்தினால், நிறுத்தும்வரை சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கும். அதை 'லூப்' என்று சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவின் மகன் சொல்லிக் கொடுத்தான். அவன் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். கூட வந்த விளக்கப் புத்தகம் நோர்வே மொழியில் இருந்தது.

முதல் லூப் மொன்டிசோரி விளையாட்டுப் போட்டிக்காகச் செய்தது. பிள்ளைகள் கை தட்டுவதைப் பிடித்து, அதற்கேற்ப அவர்களை நடக்க விடலாம் என்று கனகேஸ்வரி நினைத்தாள். கைதட்டல் சுற்றி வந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கொஞ்சம் வெறுமை இருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் முழு வகுப்பும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றது. பார்க்க வந்த தாய்மார் அதையும் ஒரு பயிற்சி என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கனகேஸ்வரிக்கு மானம் போய்விட்டது.

அன்றிலிருந்து பெட்டியும் கையுமாகத் திரிந்தாள். வெறுமையை வெட்ட, லூப் முடிகிற இடத்தை நகர்த்துகிற முடிவுத் திருகியை உள்ளே திருப்ப வேண்டும். கூடத் திருப்பினால் அடுத்த கைதட்டலின் வால் அறுந்து, 'டிக்' என்று ஒரு சத்தம் குத்தும். குறையத் திருப்பினால் நொண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போல ஓர் இடம் இருக்கிறது. அங்கே வெட்டினால் முடிவு எது, தொடக்கம் எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடிக்கிறதுதான் வித்தை. அவள் தேங்காய் துருவுகிற சத்தத்தைச் சுற்ற விட்டாள். குக்கர் விசிலைச் சுற்ற விட்டாள். கடற்கரை ரயில் போவதைப் பிடித்து, அது தெஹிவளைக்கும் போகாமல் பம்பலப்பிட்டிக்கும் போகாமல் தன் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்படி பண்ணினாள். கல்யாணம் ஆகாத, காலி வீதியைத் தாண்டிப் போகவே சோதனைச் சாவடிக்குப் பயந்து அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொன்னால் விளங்காது.

சந்தோஷம் என்ற சொல்லை அவள் அந்த நாட்களில் மனதுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தம்பி சிவானந்தன் கிளிநொச்சியில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். சண்டை கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் அம்மா அன்னபாக்கியம் ரீவிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, செய்தி முடிந்தால் அடுத்த செய்திக்காகக் காத்திருப்பார். குசினிக்குள் மகள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு குக்கர் விசிலுக்குத் தலையாட்டுவாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஹெட்போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடுவாள். கள்ளத்தீனி தின்ற பிள்ளைகூட அவ்வளவு அவதிப்படாது. அங்கே பிள்ளைகள் பங்கருக்குள் கிடக்க, தான் இங்கே தேங்காய்ப் பூவுக்குத் தாளம் போடுகிறேனே என்று தன்னைத் தானே திட்டுவாள். அடுத்த நாள் பிறகும் பெட்டியை எடுப்பாள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் பழனியம்மா. அவளுடைய ஆட்கள் மாத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழு கலவரத்தோடு வன்னிக்குப் போனவர்கள். அவள் கிளிநொச்சியில் தையல் மெசின் வைத்திருந்தாள். சிவானந்தன் அவளைக் கட்டினான். "தோட்டக்காட்டாளை என்ர வாசலுக்குக் கொண்டு வராத" என்று அம்மா சொல்லியும், சமாதான காலத்தில் பாதை திறந்ததும் அவன் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மா கதவைத் திறந்தார். இருக்கச் சொன்னார். எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி, பழனியம்மாவுக்கு மட்டும் பிளாஸ்ரிக் கோப்பை. அவள் குடித்து முடித்து வைத்ததும் அம்மா அந்தக் கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்கக் குப்பை வாளிக்குள் போட்டார். பழனியம்மா எழும்பி, "போயிட்டு வாறேங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. தம்பி மாதத்துக்கு ஒருதரம் தொலைபேசி எடுப்பான். மணி அடித்ததும் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்.

கடைசியாக அவன் எடுத்தது 2009 தைப் பொங்கலுக்கு முந்திய கிழமை, புதுக்குடியிருப்பில் ஏதோ ஒரு கடையிலிருந்து. பெட்டி தொலைபேசி மேசையில் கிடந்தது. அந்த நாட்களில் எந்தச் சத்தம் வந்தாலும் பட்டனை அழுத்துவது கனகேஸ்வரிக்குக் கைப்பழக்கமாகப் போயிருந்தது. அம்மாவின் காதில் கதவுக்குள்ளாலாவது விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். மற்றக் கை தன் பாட்டில் பட்டன் பட்டனாக அழுத்திக்கொண்டு போனது.

"அம்மா... அம்மா நிக்கிறாவோ?" என்றான்.

"குளிக்கிறா தம்பி."

"நான் எடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவவுக்குக் குளிப்பு." சிரித்தான். "நாங்கள் சுகமாத்தான் இருக்கிறம் எண்டு சொல்லு."

"பழனி பக்கத்திலயோ?"

"ஓம். பொறு, லைன் வெட்டுது."

இரைந்தது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். பிறகு ஒன்றுமில்லை. மாசி வந்தது, ஒன்றுமில்லை. பங்குனியும் பிறந்தது.

அம்மாவுக்கு நெடுங்காலச் சீனி வருத்தம். வலது காலின் சின்ன விரல் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னதைக் கனகேஸ்வரி தமிழில் சொன்னாள். இந்தக் கிழமை விட்டால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்.

"நான் வரேல்லை" என்றார் அம்மா. "மயக்க மருந்து குடுத்து எழும்பாமல் போனால்? முதல் அவன் எடுக்கட்டும். அவன்ர குரலைக் கேட்டாப் பிறகு எதையும் வெட்டுங்கோ."

"அம்மா, அங்க போன் ஒண்டும் வேலை செய்யேல்லை. ரீவியில நீங்கள்தானே பாக்கிறீங்கள்."

"அப்ப வெட்ட வேண்டாம்."

கனகேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இவ்வளவு வருசமும் அவன் எடுக்க எடுக்கக் கதவைச் சாத்தினனீங்கள். இப்ப அவன் எப்பிடி எடுப்பான்? கடலுக்குள்ளால வயர் இழுத்தோ எடுப்பான்?"

அம்மா கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கனகேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். விரலின் கறுப்பு பாதத்துக்கு ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவள் மொன்டிசோரிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பெட்டியை எடுத்தாள்.

தம்பியின் குரலை அதற்கு முதல் அவள் லூப் பண்ணியதில்லை. கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். சுற்ற விட மனம் வரவில்லை. இப்போது துண்டு துண்டாக வெட்டினாள். "அம்மா... அம்மா நிக்கிறாவோ" என்பதில் முதல் 'அம்மா' மட்டும் வேண்டும். முடிவுத் திருகியை மெல்ல மெல்ல உள்ளே திருப்பினாள். 'நிக்கிறாவோ' போனது, இரண்டாவது 'அம்மா' போனது, கேள்வி போனது, மிச்சமாக ஒரு கூப்பிடுகை மட்டும் நின்றது. அவன் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்ட ஒரே கேள்வியைத் தன் கையாலேயே அறுத்து எறிந்தது போல அவளுக்கு இருந்தது. 'சுகமாத்தான் இருக்கிறம்' ஒரு பட்டனில். 'ஓம்' ஒரு பட்டனில். 'லைன் வெட்டுது' இன்னொன்றில்.

அவற்றுக்கு அடியில் ஓட இரைச்சல் வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் லைன் ஊமையாகப் போனால் அம்மா பிடித்துவிடுவார். அழைப்பின் கடைசியில் பிடிபட்ட அந்தச் சில செக்கன் இரைச்சலைச் சுற்ற விட்டாள். அதில் இருமல் இருந்தது. இருமலை வெட்டினால் மிச்சம் நுளம்பு பறக்கிற மாதிரிக் கேட்டது. சரி கிடக்கட்டும், கடைகளில் ஆட்கள் இருமுவார்கள்தானே என்று விட்டாள். தொடக்கத்தையும் முடிவையும் ஒட்டினாள். டிக் என்றது. திரும்ப ஒட்டினாள். ஒருதரம் சரியாக வந்தது. இரைச்சல் ஆறு மாதிரி ஓடியது, எங்கே ஒட்டினோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. கனகேஸ்வரி சிரித்தாள். எதற்குச் சிரித்தேன் என்று உறைத்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கடலில் நேவிப் படகு போகிற சத்தம் கேட்டது. அதைப் பிடிக்கத் தோன்றவில்லை.

கீழ் மாடியில் ருக்கியா இருந்தாள். கேக் அடித்து விற்கிற பெண், கனகேஸ்வரியின் வயதுதான். அவள் வீட்டுத் தொலைபேசியிலிருந்துதான் எடுக்க முடியும்.

"இது பாவமில்லயா கனகேஸ்?" என்று ருக்கியா கேட்டாள்.

"பாவம்தான்."

"அப்ப?"

"கால் போயிடும் ருக்கியா. கால் போனால் அவ இருக்க மாட்டா."

ருக்கியா கையில் ஒட்டியிருந்த மாவைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "சரி வாங்க. நான் என்னத்தப் புடிக்கோணும்?"

ஹெட்போனின் ஒரு காதைத் தொலைபேசியின் வாய்ப்பக்கத்தில் வைத்து, கைலேஞ்சியால் சுற்றி, ருக்கியா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கனகேஸ்வரி தொலைபேசியின் மற்ற முனையில் காதை வைத்தாள். பெட்டி மடியில். திட்டம் சின்னது. 'அம்மா', 'சுகமாத்தான் இருக்கிறம்', 'லைன் வெட்டுது', வைத்துவிடுவது. கேற்றில் அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற அளவு பொய்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மேலே மணி அடிப்பது படிக்கட்டு வழியாகக் கேட்டது. அம்மா நொண்டி நொண்டி வந்து எடுக்க நேரம் பிடித்தது.

"ஹலோ."

இரைச்சலை ஓட விட்டாள். முதல் பட்டனைத் தொட்டாள். "அம்மா..."

அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்துகிற சரசரப்புக் கேட்டது. பிறகு, "ஆனந்தனே?"

"சுகமாத்தான் இருக்கிறம்."

அடுத்து 'லைன் வெட்டுது' என்ற பட்டனுக்கு விரல் போனது. அதற்குள் அம்மா, "வைச்சிடாத மோனை" என்றார். "வைச்சிடாத. நான் கெதியாச் சொல்லுறன். எனக்கு ஒப்பரேசன். எழும்புவனோ தெரியாது. நீ ஒண்டும் கதைக்க வேண்டாம், கேட்டுக்கொண்டு நில்."

கனகேஸ்வரியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அண்டைக்கு அவள் குடிச்ச கோப்பையை நான் எறிஞ்சனான். அவள் பாத்துக்கொண்டு இருந்தவள். பாக்கட்டும் எண்டுதான் எறிஞ்சனான் மோனை. போகேக்கை என்னை 'அத்தை' எண்டவள். அது என்னைப் படுக்க விடுகுதில்லை. பழனியம்மாவிட்டச் சொல்லுவியோ, நான் பிழை விட்டிட்டன் எண்டு?"

அந்தப் பெயரை அம்மா வாயால் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இரைச்சல் சுற்றி வந்தது. யாரோ இருமினார்கள். அம்மா காத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிறவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும். கனகேஸ்வரி தொட்டாள்.

"ஓம்."

"அவளும் சுகமோ?"

"சுகமாத்தான் இருக்கிறம்."

இருமல் சுற்றி வந்தது. "ஆர் இருமுறது? அவளே? ஒரே இருமலாக் கிடக்கு. பக்கத்தில நிக்கிறாளோ?"

"ஓம்."

"ஆடாதோடை இலையை அவிச்சுக் குடுக்கச் சொல்லு. தேன் கிடைச்சால் விட்டு. எங்க கிடைக்கப் போகுது." அம்மாவின் குரல் உடைந்தது. "அவளிட்டக் கேள் மோனை. என்னை மன்னிப்பாளோ எண்டு கேள். இப்பவே கேட்டுச் சொல்லு. நான் நிக்கிறன்."

ருக்கியா ஹெட்போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குச் சொற்கள் கேட்கவில்லை, ஆனால் கனகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் ஒருதரம் சுற்றியது. இன்னொருதரம் சுற்றியது. உண்மையாகவே அங்கே ஒருவன் திரும்பி இன்னொருத்தியிடம் கேட்கிற அளவு நேரம் போனது. நேரத்தை அவ்வளவு சரியாகக் கணக்குப் பண்ணினேனே என்று பிறகு நினைத்தபோதுதான் கனகேஸ்வரிக்குத் தன்மேல் பயம் வந்தது.

"ஓம்" என்றது பெட்டி.

மேலே அம்மா அழுகிற சத்தம் தொலைபேசியிலும் கேட்டது, படிக்கட்டாலும் கேட்டது. "லைன் வெட்டுது." வைத்தாள்.

ருக்கியா ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இனி இப்பிடி ஒன்டு செய்ய என்ட வீட்டுக்கு வராதீங்க கனகேஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அம்மா அன்று பின்னேரமே தன் பையைத் தானே அடுக்கினார். விரல் போனது, கால் தப்பியது. வார்ட்டில் பக்கத்துக் கட்டில் மனுசியிடம், "மகன் எடுத்தவன். மருமகளுக்குத்தான் சரியான இருமல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூப் போத்தலோடு வாசலில் நின்ற கனகேஸ்வரிக்கு, 'மருமகள்' என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே போகக் கால் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம். அம்மாவின் கால் இருக்கிறது, அம்மாவின் மனம் மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் போய்ச் சேர வேண்டியவளிடம் சேரவில்லை, நடுவழியில் இவளிடம் நின்றுவிட்டது. அடுத்தவளின் வீட்டுக்கு வந்த பலகாரத்தை வாங்கித் தானே தின்றவள் போல உணர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சந்தையில் ஆடாதோடை இலை வாங்கச் சொன்னார். பல்கனியில் பேப்பர் விரித்துக் காய வைத்தார். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, காகம் வராமல் ஈர்க்கிலால் விரட்டிக்கொண்டிருப்பார். காய்ந்ததை இடித்துப் போத்தலில் போட்டு, "பாதை திறந்தவுடன ஆரிட்டயும் குடுத்து விடவேணும். சும்மா விடக்கூடாத இருமல் அது" என்பார்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கனகேஸ்வரி தினமும் காலையில் நினைப்பாள். கட்டுப் பிரிக்கட்டும் என்பாள். புண் ஆறட்டும் என்பாள். வருசப் பிறப்புக் கழியட்டும் என்பாள். பெட்டியைத் தொடவே இல்லை. அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஆனாலும் தேங்காய் துருவும்போது, குக்கர் கூவும்போது, ஒட்ட வேண்டிய இடத்தைக் காது தானாகத் தேடியது. அந்தக் காதை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. இப்போதெல்லாம் அம்மாதான் எடுப்பார். கதிரையை மேசைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார். கனகேஸ்வரி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனந்தனோ!" அம்மாவின் குரல் வீடு முழுக்க விழுந்தது. "எங்க மோனை நிக்கிறாய்? செட்டிகுளத்திலயோ? முகாமோ? தப்பி வந்திட்டியோ, முருகா! எனக்குக் கால் நல்லாப் போச்சு. பழனியம்மாவின்ர இருமல் எப்பிடி? மருந்து இடிச்சு வைச்சிருக்கிறன்."

பிறகு அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கனகேஸ்வரி வெங்காயத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன? எப்ப?" அம்மாவின் குரல் சுருங்கியது. "மாசியிலயோ? விசர்க்கதை கதையாத. பங்குனியில நீ எடுத்தனீ. சுகம் எண்டு சொன்னனீ. அவள் பக்கத்தில நிண்டு இருமினவள். நான் என்ர காதால கேட்டனான்." ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "செத்தவளைச் சுகம் எண்டு எனக்கு ஏனடா சொன்னாய்?"

தொலைபேசியைக் கனகேஸ்வரியிடம் நீட்டினார். "இவன் என்னவோ சொல்லுறான். நீ கேள்."

"அக்கா" என்றான் தம்பி. குரல் மெலிந்து, வேறு யாருடையதோ போலிருந்தது. "பழனி மாசியில போயிட்டாள் அக்கா. தண்ணி எடுக்கப் போன இடத்தில ஷெல். நான் தைக்குப் பிறகு ஒருக்காலும் எடுக்கேல்லை. அம்மா என்ன சொல்லுறா? ஒப்பரேசன் மருந்தோ? அவவுக்கு அறளை பெயர்ந்திட்டுதோ?"

ஓம் என்று சொன்னால் போதும். அவன் நம்புவான். அம்மாவும் நாளடைவில் நம்புவார். எழுபது கழிந்த மனுசி, மயக்க மருந்து, கனவு கண்டிருப்பேன் என்று தன் தலையையே சந்தேகப்படுவார். ஒருவரும் இவளைக் கேட்க மாட்டார்கள். அம்மா கதிரையிலிருந்து அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நீ சொல்லு, நான் சொன்னது சரிதானே' என்று கேட்கிற பார்வை.

"அம்மாவுக்கு ஒண்டும் இல்லை தம்பி" என்றாள் கனகேஸ்வரி. "அவ கேட்டது உண்மை. நான்தான் செய்தனான். நீ தையில எடுக்கேக்க உன்ர குரலைப் பெட்டியில பிடிச்சு வைச்சனான். ஒப்பரேசனுக்கு வரமாட்டன் எண்டு நிண்டவ. அதை வெட்டி ஒட்டி, கீழ ருக்கியா வீட்டில இருந்து எடுத்து, நீ கதைக்கிற மாதிரி..."

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லைன் இரைந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ தம்பியிடம் போனைக் கெதியாகத் தரச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

"அம்மா என்ன சொன்னவா?" என்று தம்பி கேட்டான்.

"பழனியிட்ட மன்னிப்புக் கேட்டவா. கோப்பையை எறிஞ்சதுக்கு. பெயரைச் சொல்லிக் கேட்டவா."

முணுமுணுத்தவரிடம் அவன், "ஒரு நிமிசம் அண்ணை" என்றான். பிறகு, "அதை எனக்குப் போட்டுக் காட்டு" என்றான்.

"அதில அம்மாவின்ர குரல் இல்லை தம்பி. உன்ர குரல் மட்டும்தான் இருக்கு."

"அப்ப அம்மாட்டக் குடு."

நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு இருந்தார். நடுக்கம் இல்லை, அழுகை இல்லை. சின்ன வயதில் களவெடுத்துப் பிடிபட்ட நாளில்கூட அம்மா அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"அவள் மன்னிச்சிட்டாள் எண்டு சொன்னது நீயோ?"

"ஓம் அம்மா."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

அம்மாவின் காலைக் காப்பாற்றச் செய்தேன் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அம்மா கேட்டது காலைப் பற்றி இல்லை. கனகேஸ்வரி தொலைபேசியை அம்மாவின் மடியில் மெல்ல வைத்தாள். அதற்குள்ளிருந்து "அம்மா... அம்மா நிக்கிறீங்களோ?" என்று தம்பி கேட்பது சின்னதாகக் கேட்டது. அம்மா அதைத் தூக்கிக் காதில் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"நிக்கிறன் மோனை" என்றார்.

கனகேஸ்வரி முன்கதவைத் திறந்து வெளியே வந்தாள். செருப்புப் போடவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தியும் அம்மாவின் குரல் படிக்கட்டுக்கு வந்தது. சொற்கள் தெளியத் தொடங்குவதற்குள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.